வீட்டுத் தோட்டத்தில் ருபார்ப்: நடவு முதல் தொக்கு வரை

கடையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும்போது சிவப்புச் சாயம் ஏற்றிய செலரி மாதிரி தெரிவதுதான் ருபார்ப். லண்டனிலோ டொராண்டோவிலோ பழைய வீடு வாங்கிக் குடிபோகிறவர்களுக்கு இது சில சமயம் வீட்டோடு சேர்ந்தே வந்துவிடும். முன்பிருந்தவர் வேலியோரம் நட்டது, யானைக் காது போல இலை விரித்து நிற்கும். சேம்பு என்று நினைத்து இலையைப் பறித்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தச் செடியில் தண்டு மட்டும்தான் உணவு, இலை விஷம். ஏன், எவ்வளவு என்பது பின்னால் வருகிறது.

நாம் சாப்பிடும் தண்டு உண்மையில் இலைக்காம்பு. சேம்பிலும் அப்படித்தானே. மண்ணுக்கு அடியில் பருத்த, உள்ளே மஞ்சள் நிறமான ஒரு கிழங்குக் கட்டை இருக்கிறது. குளிர்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் செத்து மறையும். கிழங்கு மட்டும் தூங்கும். வசந்தத்தில் அது தன் சேமிப்பைச் செலவழித்துத் தண்டும் இலையும் விடுகிறது. அந்த இலைகள் கோடை முழுக்க வெயில் குடித்து, செலவழித்ததைத் திரும்பக் கிழங்கில் சேர்க்கின்றன. ருபார்ப் வளர்ப்பதில் உள்ள விதிகள் அனைத்தும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. முதல் வருடம் தொடாதே, பாதியை விட்டுவை, ஜூலையில் நிறுத்து என்பதெல்லாம் கன்றுக்கு விட்டுக் கறப்பது போன்ற கணக்குத்தான். இதைப் புரிந்துகொண்டால் மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எந்த ஊரில் வரும்

குளிர் இல்லாமல் இது வராது. குளிர்காலத்தில் சில வாரங்களாவது வெப்பநிலை 4, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு ஓய்வெடுத்து மறுபடி விழிக்கும். கோடையில் 30 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்து படுத்துவிடும். ஆகவே பிரிட்டன், கனடா, நார்வே, சுவிட்சர்லாந்து, வட ஜெர்மனி எல்லாம் இதற்குச் சொந்த வீடு மாதிரி. நுவரெலியா போன்ற குளிர் மலைகளிலும் வரும். சென்னையிலும் மதுரையிலும் வேண்டாம். விதை முளைக்கும், ஒரு சாண் உயரமும் வரும், முதல் சித்திரை வெயிலோடு கதை முடிந்துவிடும்.

நாட்டுமருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று ஒரு காய்ந்த வேர் விற்பார்களே, அது இதே குடும்பத்தின் வேறு இனம். பேதி மருந்தாகப் பயன்படுவது. அந்த உறவை நினைத்துத் தோட்டத்து ருபார்ப் வேரைத் தோண்டிக் கஷாயம் வைக்க வேண்டாம்.

எந்த ரகம்

டிம்பர்லி எர்லி சீக்கிரம் வரும், நோய் தாங்கும், வெளிச்சம் படாமல் மூடி வளர்ப்பதற்கும் ஏற்றது. பிரிட்டனில் முதல் செடியாக வாங்க இதைவிட நல்லது தேட வேண்டாம். விக்டோரியா 1837-இல், அதே பெயருள்ள அரசி அரியணை ஏறிய சமயம் வந்த பழைய ரகம்; தண்டு தடிமன், விளைச்சல் அதிகம், ஆனால் பூக்க அவசரப்படும். கனடா ரெட் உள்ளேயும் சிவப்பாக இருக்கும், கடுங்குளிரைத் தாங்கும். லிவிங்ஸ்டன் கோடையில் தூங்காத புது ரகம் என்பதால் இலையுதிர் காலத்திலும் தண்டு தரும். கிளாஸ்கின்ஸ் பெர்பெச்சுவல் விதையிலிருந்து எளிதாக வரும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: சிவப்பு என்றால் பழுத்தது என்றோ இனிப்பு என்றோ பொருளில்லை. பச்சைத் தண்டு ரகம் பச்சையாகவே முற்றும். நிறம் ரகத்தின் குணம், அவ்வளவுதான். பச்சை ரகங்கள்தான் பெரும்பாலும் அதிகம் காய்ப்பவை என்று சொல்ல வாய் வருகிறது. காய்ப்பதில்லை, தண்டு தள்ளும்.

விதை போட்டால் தாய்ச்செடி போலவே வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. பத்து நாற்றில் ஏழு மெல்லியதாக, பூக்கும் அவசரத்தோடு நிற்கலாம். அக்கம்பக்கத்தில் நல்ல செடி வைத்திருப்பவரிடம் கிழங்குத் துண்டு கேட்டு வாங்குவதே உத்தமம். அது அவர் செடிக்கும் நல்லது, எப்படி என்று பிறகு பார்ப்போம்.

நடவு

வெறும் கிழங்கை அது தூங்கும்போது நட வேண்டும். பிரிட்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை. கனடாவில் மண் உறைவு விட்டு மண்வெட்டி இறங்கும் சமயம், அதாவது ஏப்ரல் கடைசி அல்லது மே. தொட்டியில் வளர்ந்து விற்பதை நடுக்கோடை தவிர எப்போதும் நடலாம்.

இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் பத்து வருடம் அது அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு வருடமும் கொத்திப் புரட்டும் பாத்தியின் நடுவில் வைத்தால் இடைஞ்சல். ஓரமாக, நல்ல வெயிலில் அல்லது அரைநிழலில், மரத்தின் வேர் எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, கிளறிய மண்ணிலிருந்து புல்வேர், கொடிவேர் எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இந்த வேலையில் சோம்பினால் பிறகு கிழங்குக்குள் பின்னிக்கொண்ட களையைப் பிரிக்க வழியே இருக்காது. இரண்டு வாளி மக்கிய எருவையோ கம்போஸ்டையோ மண்ணோடு கலந்து குழியை நிரப்புங்கள். எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் கிழங்கை அழுக வைக்கும். மண்ணின் பி.எச். 6 முதல் 6.8 வரை இருப்பது சரி. கொஞ்சம் புளித்த மண்ணையும் இது பொறுத்துக்கொள்ளும்.

இப்போது ஆழம். கிழங்கின் தலையில் சிவந்து புடைத்த முளைக்கண்கள் இருக்கும். அவை மண்மட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி வையுங்கள். களிமண் நிலமென்றால் 10 செ.மீ. மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். கடுங்குளிரில் மண் இறுகி உறையும் ஊரில் 3 செ.மீ. மண் போட்டு மூடலாம், இல்லையென்றால் மண் உறைந்து இளகும்போது கிழங்கை வெளியே தள்ளிவிடும். இதற்கு மேல் ஆழம் போனால் கண் அழுகும். நட்ட செடி எழும்பவே இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆழத்தைத்தான்.

மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, ஒரு வாளித் தண்ணீர் விடுங்கள். செடிக்குச் செடி 90 செ.மீ. இடைவெளி. நன்றாகக் காலூன்றிய ஒரு செடி வருடத்துக்கு 2, 3 கிலோ தரும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு செடி தாராளம். மாடி வீட்டில் தொட்டிதான் கதி என்றால் 50 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ளதற்குக் குறைவாக வாங்காதீர்கள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஒரு நாளும் தவறக் கூடாது. அப்படியும் மண்ணில் நிற்பதன் பாதிகூட வராது.

மூன்று வருடப் பொறுமை

முதல் வருடம் ஒரு தண்டு கூட எடுக்காதீர்கள். இரண்டாம் வருடம் செடிக்கு நான்கைந்து தண்டு, அதுவும் மூன்று நான்கு வாரத்துக்குள். மூன்றாம் வருடம் முதல் முழு அறுவடை. முதல் வருடமே ஆசைப்பட்டுப் பறித்தால் செடி சாகாது; ஆனால் பென்சில் தடிமனில் தண்டு தந்தபடி நான்கைந்து வருடம் இழுத்துக்கொண்டிருக்கும்.

வசந்தத்தில் முளை தலை காட்டும்போது செடியைச் சுற்றி ஒரு கைப்பிடி பொது உரம் அல்லது கோழி எருக் குருணை தூவுங்கள். இலையுதிர் காலத்தில் இலைகள் தானாகச் சாய்ந்து காய்ந்ததும் அவற்றை அகற்றிவிட்டு, 5 முதல் 7 செ.மீ. தடிமனுக்கு எருவை வட்டமாகப் பரப்புங்கள். கிழங்கின் தலை மேல் போடாதீர்கள். தலை திறந்து குளிர் வாங்க வேண்டும். பரிதாபப்பட்டுப் போர்த்திவிடுகிறவர்கள் அழுகலைக் கூப்பிடுகிறார்கள்.

மழையில்லாத வாரங்களில் செடிக்கு ஒரு வாளி, வறட்சி கடுமையென்றால் இரண்டு. ஆகஸ்டில் அறுவடை முடிந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்துவது பெரிய தப்பு. அடுத்த வருடத்துத் தண்டு அப்போதுதான் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது.

நடுவிலிருந்து உருண்டையான, இலைத் தண்டைவிடப் பருத்த ஒன்று கிளம்பி நுனியில் வெள்ளை மொக்குக் கொத்தோடு வந்தால் அது பூத்தண்டு. பார்த்த அன்றே அடியில் வெட்டிவிடுங்கள். விதை பிடிக்க விட்டால் கிழங்கின் சேமிப்பெல்லாம் அங்கே போய்விடும். வயதான செடி, வறட்சி, திடீர் வெப்பம், பிரிக்காமல் நெருங்கிப்போன கிழங்கு எல்லாம் பூக்கக் காரணங்கள். செடி பூத்ததால் மற்ற இலைத் தண்டுகள் விஷமாவதில்லை, தாராளமாகச் சமைக்கலாம்.

பறிப்பது எப்படி

கத்தி வேண்டாம். தண்டு 25, 30 செ.மீ. நீளம் வந்து, இலை சுருக்கம் நீங்கி விரிந்ததும் அது தயார். கையைத் தண்டோடு கீழே இறக்கி, அடிவரை கொண்டுபோங்கள். தண்டின் உட்பக்கம் ஒரு பள்ளம் ஓடும். கட்டைவிரலை அதில் பதித்து, லேசாகத் திருகியபடி வெளிப்பக்கமாக இழுங்கள். ஈரமான ‘ளக்’ ஒலியோடு கழன்று வரும். அடியில் வெளிறிய ரோஜா நிறத்தில் அகன்ற பட்டையும், ஒட்டிக்கொண்டு மெல்லிய தோல் போன்ற உறையும் இருந்தால் சரியாகப் பறித்திருக்கிறீர்கள். நடுவே முறிந்து குச்சம் நின்றுவிட்டால் அதையும் பிடுங்கி எடுங்கள். வெட்டிவிட்ட குச்சத்தில் தண்ணீர் நின்று அழுகி, அழுகல் கிழங்குக்கு இறங்கும். கத்தி வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

வெளிவட்டத்துத் தண்டுகளை முதலில் எடுங்கள். எப்போதும் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். பத்துத் தண்டு இருந்தால் ஐந்து செடிக்கு. பறித்த இடத்திலேயே இலையை வெட்டிவிட்டால் தண்டு வாடாது. வெட்டிய இலை கம்போஸ்டுக்குப் போகலாம், மக்கும்போது அதன் நஞ்சு சிதைந்துவிடும், பயம் வேண்டாம்.

அறுவடை எட்டு முதல் பத்து வாரம். ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் ஜூன் இறுதியில், கனடாவில் மே நடுவில் தொடங்கினால் ஜூலை நடுவில் நிறுத்துங்கள். ஜூலைக்குப் பிறகு தண்டிலும் விஷம் ஏறிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது சரியில்லை. அப்போது தண்டு நார் ஏறிப்போகும், செடிக்கும் இலை தேவை, அதனால்தான் நிறுத்துகிறோம். விருந்தாளி வந்து ஆகஸ்டில் இரண்டு தண்டு பிடுங்கினால் குடி முழுகாது.

இருட்டில் வளர்ப்பது

1817-இல் லண்டனின் செல்சி மருந்துத் தோட்டத்தில் ஒரு ருபார்ப் கிழங்கின் மேல் தவறுதலாக மண் கொட்டிக் கிடந்தது. மண்ணை அகற்றியபோது உள்ளே வெளிறிய, மென்மையான, அதிகம் புளிக்காத தண்டு முளைத்திருந்தது. அங்கிருந்து தொடங்கிய பழக்கம் பிறகு யார்க்‌ஷயரில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. லீட்ஸ், வேக்ஃபீல்ட் பகுதியை ருபார்ப் முக்கோணம் என்பார்கள். அங்கே கிழங்கை இரண்டு வருடம் வயலில் ஒரு தண்டும் பறிக்காமல் வளர்த்து, நவம்பர் உறைபனி பட்ட பிறகு தோண்டி, இருட்டடித்த, சூடேற்றிய கொட்டகைகளில் நெருக்கமாக அடுக்குகிறார்கள். மண்ணில் உணவு தேட வேண்டியதில்லை, வெயிலும் இல்லை. கிழங்கு தன் சேமிப்பை மட்டும் சர்க்கரையாக மாற்றித் தண்டைத் தள்ளுகிறது. மொட்டுறை வெடிக்கும் மெல்லிய சத்தம் கொட்டகைக்குள் காதில் விழும். வெளிச்சம் பட்டால் இலை பச்சை பிடித்துவிடும் என்பதால் மெழுகுவர்த்தி ஒளியில் பறிப்பார்கள். யார்க்‌ஷயர் ஃபோர்ஸ்டு ருபார்ப் என்ற பெயருக்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்த் தகுதி கிடைத்தது. பறித்து முடித்த கிழங்கு வெறும் சக்கை; திரும்ப நட்டுப் பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

வீட்டில் இதைச் சிறு அளவில் செய்யலாம், கிழங்கைக் கொல்லாமல். மூன்று வயதுக்கு மேற்பட்ட, நல்ல உடம்புள்ள செடியாக இருக்க வேண்டும். ஜனவரி கடைசியில், கனடாவில் பனி இளகும் மார்ச்சில், கிழங்கைச் சுற்றிச் சுத்தம் செய்துவிட்டு, 40 செ.மீ. உயரத்துக்குக் குறையாத பெரிய வாளியையோ குப்பைத்தொட்டியையோ கவிழ்த்து வையுங்கள். ஓட்டை இருந்தால் கல் வைத்து மறையுங்கள். ஊசிக்கண் வெளிச்சம் கூட வேண்டாம். காற்று தூக்காதபடி மேலே செங்கல். வெளியே சுற்றி வைக்கோல் அணைத்தால் இன்னும் வேகமாக வரும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தண்டு வாளியின் அடியை முட்டும். ரோஜா நிறத் தண்டு, உள்ளங்கையளவு மஞ்சள் இலை. நத்தை உள்ளே புகுந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், சட்டென்று மூடிவிடுங்கள்.

பறித்ததும் வாளியை எடுத்துவிட்டு, அந்த வருடம் மேற்கொண்டு அந்தச் செடியைத் தொடாதீர்கள். அதே செடியை அடுத்த வருடமும் மூடாதீர்கள். இரண்டு செடி இருந்தால் மாற்றி மாற்றி மூடலாம் என்று நினைக்கத் தோன்றும். மூன்று இருந்தால்தான் உண்மையில் நிம்மதி, ஒன்றுக்கு இரண்டு வருட ஓய்வு கிடைக்கும்.

பிரித்து நடுவது

ஐந்தாறு வருடத்தில் கிழங்கு நெருங்கி, நடுப்பகுதி கட்டை தட்டிப்போகும். தண்டு எண்ணிக்கை கூடும், தடிமன் குறையும். வாழைத்தோப்பில் பக்கக்கன்று எடுக்காமல் விட்ட கதைதான். இலையெல்லாம் மடிந்த பிறகு, நவம்பரிலோ முளை எழும்பும் முன் வசந்தத்திலோ, ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் குத்தி முழுக் கிழங்கையும் தூக்குங்கள். கனமாக இருக்கும், உதவிக்கு ஆள் வேண்டும். கூரான மண்வெட்டியால் மேலிருந்து வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு மூன்று கண்ணும் கையளவு வேரும் இருக்கும்படி பிரியுங்கள். வெளிப்புறத் துண்டுகள்தான் இளமையானவை. நடுக்கட்டையை எறியுங்கள். உடனே நட முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். பிரித்த துண்டும் புதுச்செடிதான், முதல் வருடம் பறிக்கக் கூடாது.

என்ன கெடும்

தண்டு மெலிந்து வருகிறதா? அதிகம் பறித்தது, எரு போதாதது, கோடையில் காய்ந்தது, பிரிக்காமல் விட்டது, இந்த நான்கில் ஒன்று.

வசந்தத்தில் கண்கள் செத்து, வந்த தண்டும் நிறம் மங்கிச் சொங்கியாக இருந்தால் கிழங்கின் தலையை விரலால் அழுத்திப் பாருங்கள். பழுப்பாகக் குழைந்து உள்ளே போனால் அது தலை அழுகல். மருந்து கிடையாது. அடியோடு தோண்டிக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்டில் வேண்டாம். அதே குழியில் புதியதை நடாதீர்கள்.

வட அமெரிக்காவில் ஒரு செம்பழுப்புப் பொடி பூசிய மூக்கு வண்டு வரும். ஒன்றேகால் செ.மீ. நீளம், வளைந்த மூக்கு. தண்டைத் துளைக்கும், துளையிலிருந்து பிசின் போலச் சாறு வடிந்து நிற்கும். இது முட்டையிட்டுப் பெருகுவது ருபார்ப்பில் இல்லை, பக்கத்தில் முளைக்கும் டாக் களையில். ஆகவே வண்டைக் கையால் பொறுக்குங்கள், களையை வேரோடு பிடுங்குங்கள். பிரிட்டனில் தொல்லை நத்தைகள்தான். இளம் முளை வரும் மாதம் மட்டும் காவல் போதும்.

தண்டு முளைத்த பிறகு கடும் உறைபனி அடித்து இலை கருகி, தண்டும் தொய்ந்து கொழகொழவென்று ஆகிவிட்டால் அவற்றைப் பறித்து எறிந்துவிடுங்கள், சமைக்காதீர்கள். கடுங்குளிரில் சேதமான இலையிலிருந்து ஆக்சாலிக் அமிலம் தண்டுக்கு இறங்கலாம். நிமிர்ந்து விறைப்பாக நிற்கும் தண்டுக்குப் பிரச்சினை இல்லை.

இலை

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் காய்கறித் தட்டுப்பாட்டின்போது ருபார்ப் இலையைக் கீரையாகச் சாப்பிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். அதை நம்பிச் சமைத்தவர்கள் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. வாய் எரிச்சல், வாந்தி, வயிற்றுவலி, அளவு மிஞ்சினால் சிறுநீரகச் சேதம். தற்செயலாக ஒரு துண்டு வாயில் பட்டால் உயிர் போகாது. கடைந்து ஒரு கிண்ணம் சாப்பிடுவதுதான் ஆபத்து. சேப்பிலையின் அரிப்பைப் புளி அடக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கீரை பச்சை மாறாமலிருக்கச் சிட்டிகை சோடா போடும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். சோடா அந்த அமிலத்தை எளிதில் கரையும் உப்பாக்கி உடம்பில் ஏற்றிவிடும். சின்னக் குழந்தை, நாய், ஆடு எதுவும் இலையை மேயாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்டிலும் ஆக்சலேட் உண்டு, பசலைக்கீரையில் இருப்பது போல. பல் கூசுவது அதனால்தான். சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் தயிரோடோ கஸ்டர்டோடோ சாப்பிட்டால் பாலிலுள்ள சுண்ணச்சத்து ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

அடுப்பில்

அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை எதிலும் வேண்டாம். புளிப்பு பாத்திரத்தை அரித்து உலோக வாடை அடிக்கும். எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம். தோல் சீவத் தேவையில்லை, நிறமெல்லாம் தோலில்தான். முற்றிய தண்டில் மட்டும் ஒரு முனையை நறுக்கி இழுத்தால் நார் நூலாக வரும்.

தண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். இதை மறந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அரை கிலோவை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 80 முதல் 100 கிராம் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் சேர்த்து, மூடி, சிறு தீயில் 8 நிமிடம். கிளறாதீர்கள், பாத்திரத்தைக் குலுக்குங்கள். இன்னும் ஒரு நிமிடம் என்று நினைக்கும்போதே அடுப்பை அணையுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் கூழாகிவிடும். துண்டு உருக் குலையாமல் வேண்டுமென்றால் ஓவன்தான் வழி: ஒரே அடுக்காகப் பரப்பி, சர்க்கரை தூவி, ஃபாயிலால் மூடி, 200 டிகிரியில் 15 நிமிடம். இதன் மேல் 150 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 80 கிராம் சர்க்கரையை விரல் நுனியால் உதிர்த்துப் போட்டு 180 டிகிரியில் 35, 40 நிமிடம் சுட்டால் ஆங்கிலேயரின் க்ரம்பிள்.

ஜாமுக்கு ஒரு கிலோ தண்டு, 900 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சையின் சாறு, 50 கிராம் துருவிய இஞ்சி. எல்லாம் கலந்து இரவு முழுக்க வையுங்கள். சர்க்கரை சாறை இழுத்துவிடும், துண்டும் இறுகி உருவோடு நிற்கும். காலையில் சர்க்கரை கரையும்வரை மெதுவாக, பிறகு பெருந்தீயில் 15, 20 நிமிடம், 105 டிகிரி வரை. ருபார்ப்பில் பெக்டின் குறைவு, ஆகவே எலுமிச்சையைக் குறைக்காதீர்கள்.

இனி நம் சமையல். மாங்காய் கிடைக்காத ஊரில் வசந்தத்தில் கிடைக்கும் மாங்காய் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். பருப்புக்கு: முக்கால் கப் துவரம்பருப்பை மஞ்சளோடு முதலில் குழைய வேகவைத்து மசித்துவிடுங்கள். அதன் பிறகே 150 கிராம் ருபார்ப் துண்டு, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிட்டு, கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு தாளியுங்கள். குக்கரில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் புளிப்பு பருப்பை வேகவிடாது. அரை மணி நேரம் ஆனாலும் விரைவிரையாக நிற்கும்.

சாம்பாரிலும் ரசத்திலும் புளிக்குப் பதிலாகப் போட, நெல்லிக்காயளவு புளிக்கு 100 கிராம் ருபார்ப் என்று தொடங்கிச் சுவை பாருங்கள். புளியில் உள்ள அடித்தித்திப்பு இதில் இல்லை, சுண்டைக்காயளவு வெல்லம் போட்டால் ஈடுகட்டும். மாங்காய்ப் பச்சடி செய்யும் அதே முறையில் வெல்லப் பச்சடியும் வைக்கலாம். வெல்லம் மட்டும் கொஞ்சம் கூட வேண்டும்.

தொக்குதான் இதற்கு அமைந்த பண்டம். அரை கிலோ தண்டைப் பொடியாக நறுக்குங்கள். ஒரு தேக்கரண்டி கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயத்தை வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, தண்டு, மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி உப்பு சேர்த்து வதக்குங்கள். எட்டு நிமிடத்தில் எல்லாம் கூழாகிவிடும். அதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று இறக்கக் கூடாது. தண்ணீர் அப்படியே உள்ளே இருக்கிறது. நடுத்தீயில் இன்னும் 20 நிமிடம் கிளறுங்கள். முதலில் சளசளவென்று குமிழி விடும், பிறகு கெட்டியாகிக் ‘பொத், பொத்’ என்று தெறிக்கும், நீளக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். தெறிப்பு அடங்கியதும் இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி வெல்லம். மிளகாய்த்தூளை முன்னாலேயே போட்டால் அடிப்பிடித்துக் கருகும், நிறம் செத்துப்போகும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும்போது வறுத்த பொடியைத் தூவி இறக்குங்கள். ஆறிய பிறகு பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் வரும். மாவடு போல வெளியே வைத்துப் பார்க்க வேண்டாம், ஈரம் மிச்சம் இருக்கும், பூஞ்சை பிடிக்கும்.

மிஞ்சிய தண்டைக் கழுவி, ஈரம் துடைத்து, நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு மாதம் கெடாது. கேக்குக்கோ க்ரம்பிளுக்கோ எடுக்கும்போது இளகவிடாமல் உறைந்தபடியே போட வேண்டும், இளகினால் நார் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்துவிடும். தொக்குக்கு மட்டும் வடிகட்டியில் போட்டு இளகவிடுங்கள். வடியும் நீரை எறியாமல் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்துக் காய்ச்சினால் சர்பத். தொக்கு கிளறும் நேரமும் பாதியாகக் குறையும்.